சம்மன் முதுகில் எழுதிய ஒரு வரி

சேவகர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, கதவைத் திறக்காத வீட்டில் எப்படிச் சம்மன் கொடுப்பது என்பதுதான். அடுத்ததாக நாய் வளர்க்கும் வீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் பதில் உண்டு. ஆறு மாதம் நடந்தால் கால் தானே சொல்லிக்கொடுத்துவிடும். திறந்திருக்கும் கதவைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த வேலையில் நான் செய்த பெரிய தவறு, விரியத் திறந்திருந்த ஒரு கதவுக்கு முன்னால் நடந்தது. அதைச் சொல்கிறேன்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு ஓடி வந்தேன். எண்ணூர் உப்பளத்தில் உப்பு வாரினேன். பக்கிங்காம் கால்வாயில் சவுக்குக்கட்டை ஏற்றிய படகைக் கரையில் நடந்து இழுத்தேன். பினாங்கு போகும் கப்பலில் இரண்டு வருஷம் வெங்காயம் உரித்தேன். என் கையெழுத்து அந்தக் கப்பல் சமையற்கட்டில் தேறியது. சாமான் பட்டியல் எழுதி எழுதி அச்சுப் போல வந்துவிட்டது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் எனக்கு ஓடுவதற்கு ஊர் இல்லை. கோர்ட்டில் சம்மன் கொண்டு போக ஆள் இல்லை. போய் நின்றேன். எழுதிக் காட்டச் சொன்னார்கள், எழுதினேன். காக்கிச் சட்டை கொடுத்துவிட்டார்கள்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை என் பாகம். சைக்கிள் கிடையாது. டிராம் விட்ட இடத்தில் இறங்கினால் பிறகு கால்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ரயில் பாதை. மத்தியானச் சங்கு ஊதும்போது துறைமுகத்திலிருந்து நிலக்கரித் தூள் அப்பிய முகங்கள் சாப்பாட்டுக்கு வெளியே வரும்; அண்ணனா தம்பியா என்று அடையாளம் தெரியாது. திருவொற்றியூர்த் தேரடியில் ஒரு கிழவர் மோர் விற்பார். என் பையைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எத்தினி குடும்பத்துக்கு இடி?" என்று கேட்பார். அந்த வெயிலும் அந்த மோரும் இனி எந்தப் பென்ஷனிலும் வராது.

சம்மனை உரியவரிடம் சேர்ப்பதைச் சார்வு என்கிறோம். உங்களுக்குத் தெரியும். சேர்த்த விதத்தைச் சம்மனின் முதுகில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நாலு வரியை யார் படிக்கப்போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பிலோமினா என்ற பெண், புருஷன் மேல் ஜீவனாம்ச வழக்குப் போட்டிருந்தாள். தனக்கும் தன் மகள் ரெஜினாவுக்கும் சேர்த்து. புருஷன் மெட்ராஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். குழந்தை தவழும்போது சிங்கப்பூருக்குக் கிரேன் ஓட்டப் போனான். முதல் வருஷம் பணமும் கடிதமும் வந்தன. பிறகு கடிதம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. ரெஜினாவுக்கு அப்போது ஏழு வயது.

உள்ளூரில் இருக்கிறவன் என்றால் வாரண்டு எடுக்கலாம், ஜெயிலில் வைக்கலாம். கடல் தாண்டிவிட்டால் நம் மாஜிஸ்திரேட் போடுவது பாதி உத்தரவுதான். கட்டாகக் கட்டி, சர்க்கார் வழியாக அந்த ஊருக்கு அனுப்ப வேண்டும். அங்கேயுள்ள கோர்ட்டு அவனைக் கூப்பிட்டுக் கேட்கும். அவன் ஏதாவது ஆட்சேபணை சொன்னால் கட்டு திரும்பி வரும். இங்கே அந்தப் பெண்ணை மறுபடி விசாரித்து மறுபடி அனுப்ப வேண்டும். அங்கே உறுதி செய்தால்தான் காசு. போகிற கப்பலுக்கு ஏழெட்டு நாள் போதும். கட்டுக்கு ஒரு வருஷம் போதாது.

கிரேன்காரன் முதலில் சொன்ன ஆட்சேபணை, அவளுக்கே வருமானம் இருக்கிறது என்பது. அதை விசாரிக்கப் பிலோமினாவுக்கு ஒரு சம்மன். என் பையில் வந்தது.

பனைமரத்தொட்டிப் பக்கம் ஒரு சந்து. சித்திரை வெயில். கதவு திறந்திருந்தது. வாசல் நிழலில் ஒருவர் உட்கார்ந்து கையிலிருந்த சிவப்புப் பெயிண்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சிறுமி பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பிலோமினா வீடு இதுதானே?"

"இதான் நைனா. வா, குந்து. தண்ணி குடிக்கிறியா?"

"அவங்க எங்கே?"

"கோணி தைக்கப் பூட்டாங்க. பொழுது சாஞ்சாத்தான் வருவாங்க."

"நீங்க யாரு?"

"நான் முன் ரூம்ல வாடகைக்கு கீறேன். பேரு காதரு. கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை."

இங்கே நன்றாகக் கவனியுங்கள், தம்பிகளே. உரியவர் இல்லாவிட்டால், குடும்பத்தைச் சேர்ந்த வயது வந்த ஆணிடம் கொடுக்கலாம் என்று சட்டம். வாடகைக்காரரிடம் கொடுத்தேன் என்று எழுதினால் நாசர் செல்லாது என்று முகத்தில் விட்டெறிவார். நாசர் என்பது சேவகர்களுக்கெல்லாம் மேலே உள்ள உத்தியோகம்; எங்கள் நாசர் ஒரு எழுத்துக்கூட விடாமல் பார்ப்பவர். மறுபடி ஒரு நடை வர வேண்டும். பையில் எண்ணூர்ச் சம்மன் இரண்டு இருந்தது.

"கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும். ஆனா நான் வாங்கலாமா? நான் வாடகைக்குத்தான்…"

"வயசு வந்த ஆம்பளை யாராவது வாங்கினா போதும்."

"கோர்ட்டு ஆளு நீ சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். அந்தச் சிறுமி எட்டிப் பார்த்து, "பாய், 'கா'வுக்குக் கால் வுட்டுட்டீங்க" என்றாள். சிரித்துக்கொண்டே காலைச் சேர்த்தார்.

நான் சந்து முனைக்கு வந்து, பையைத் தொடையில் வைத்து, என் அச்சுக் கையெழுத்தில் எழுதினேன்: பிலோமினா வீட்டில் இல்லை, அவளுடன் வசிக்கும், அவள் குடும்பத்தைச் சேர்ந்த வயது வந்த ஆண் அப்துல் காதர் பெற்றுக்கொண்டார்.

நாசர் படித்துப் பார்த்து, "சுத்தமா எழுதியிருக்கேய்யா" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காதர் அன்று மாலையே சம்மனைப் பிலோமினாவிடம் கொடுத்துவிட்டார். அவளும் தேதி தவறாமல் வந்து, கோணி தைப்பதில் கஞ்சிக்குக்கூடக் காணாது என்று சாட்சி சொன்னாள். கட்டு மறுபடி கப்பல் ஏறியது. என் வரியும் அதோடு ஏறியது. அது என் நினைவிலேயே இல்லை.

பத்து மாதம் கழித்துக் கட்டு திரும்பி வந்தது. பெஞ்சு கிளார்க் என்னைக் கூப்பிட்டு, இரண்டு காகிதங்களை எடுத்து வைத்தார். ஒன்று என் சம்மன். என் வரியின் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். இன்னொன்று கிரேன்காரனின் வக்கீல் கொடுத்த மறுப்பு. மனைவி வேறு மதத்து ஆண் ஒருவனுடன் குடும்பம் நடத்துகிறாள். இதை என் கட்சிக்காரர் சொல்லவில்லை, கோர்ட்டுச் சேவகரே எழுதியிருக்கிறார். ஆகவே அவளுக்கு ஜீவனாம்சம் கிடையாது. குழந்தையும் என் கட்சிக்காரருடையதல்ல. இதற்குப் பதில் வரும்வரை தாய்க்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை.

அதற்கும் ஒரு சம்மன். அதையும் நான்தான் கொண்டு போனேன்.

இந்தத் தடவை நேரே கோணிக் கிடங்குக்குப் போனேன். பத்துப் பதினைந்து பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினா ஊசியை வாயில் கடித்துக்கொண்டு, "படி" என்று கைகாட்டினாள். தனியாக வாருங்கள் என்றேன். "இங்கியே படிய்யா அமீனா. இவளுங்களுக்குத் தெரியாத கதையா?" என்றாள். காக்கி போட்ட கோர்ட்டு ஆள் எல்லாம் அவளுக்கு அமீனாதான்.

படித்தேன். ஊசிகள் நின்றுவிட்டன.

"இன்னாது? பாய் என் குடும்பமா?" வாயிலிருந்த ஊசியை எடுத்தாள். "எவன் எயுதினான்?"

நான் சம்மனை மடித்தேன்.

"உன்னத்தான் கேக்குறேன். எவன் எயுதினான்?"

"நான்தாம்மா."

ஒரு கிழவி சிரித்தாள். "கல்யாணத்தை இவரே பண்ணி வெச்சிட்டாரு. பிரியாணி எங்கய்யா?"

"நீ கம்முனு கெட" என்று அவளை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வாடகைக்குக் கீறேன்னு அந்த மனுசன் சொல்லலியா உன்னாண்ட?"

"சொன்னார்."

"சொல்லியும் எயுதினியா?"

அவள் கத்தியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். வசவு எனக்குப் புதிதில்லை. அவள் குரலை இறக்கித்தான் பேசினாள். "மூணு வருசமா அந்த வாடகையிலதான் பாதி அடுப்பு எரியுது. அத்தோட இந்தத் துட்டும் வரும்னுதான் புள்ளய கூட வெச்சிகினு கீறேன். இல்லன்னா போன வருசமே மடத்துல வுட்டிருப்பேன். சிஸ்டருங்க கேட்டாங்க. ஈஸ்டர் வரிக்கும் பாக்குறேன்னு சொல்லிக் கீறேன்."

"மடத்துல சோறு போடுவாங்க இல்லே?" என்றேன்.

"போடுவாங்க. மாசத்துக்கு ஒரு தபா கம்பிக்கு இந்தாண்ட நின்னு பாக்க வுடுவாங்க."

அவள் விரலை நீட்டினாள். மையைத் தடவி ரேகை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காதர் வீட்டைக் காலி செய்துவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் பக்கம் படகு கட்டும் கொட்டகைக்குப் போய்விட்டார் என்று சந்துக்காரர்கள் சொன்னார்கள். தான் இருந்தால் வழக்குக் கெட்டுவிடும் என்றாராம். வாடகையும் போயிற்று.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு நாசரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்குச் சுருக்கெழுத்துத் தவிர மற்ற கோர்ட்டு வேலையெல்லாம் கற்றுக்கொடுத்தவர். வெற்றிலையை மடித்துக்கொண்டே யோசித்தார்.

"உன்னைக் கேட்டா, அந்த ஆளே குடும்பம்னு சொன்னான்னு சொல்லிடு. கையெழுத்து இருக்கில்லே? பொய் சொன்னது அவன். உனக்கென்ன?"

"அவர் வாடகைன்னு சொன்னாருங்க."

"யாரு கேட்டா? சாட்சி யாரு? அந்தச் சின்னப் பொண்ணா? பொய்யா சார்வு எழுதினேன்னு நீயே சொன்னா வேலை போயிடும். போய் உப்பு வாருவியா?"

நியாயமான கேள்விதான். உப்பளம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கால் பிளவில் உப்புத் தண்ணீர் இறங்கினால் எப்படி இருக்கும் என்றும் தெரியும். அந்தக் காக்கிச் சட்டைக்கு முன்னால் ஒரே இடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. அது போனால் மறுபடி நடக்க வேண்டியதுதான். அந்த இரண்டு நாளும் நாசர் சொன்னபடியே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். இதை நான் மறைக்கவில்லை.

விசாரணையன்று மாதா கோயில் கணக்குப்பிள்ளை ஞானஸ்நானப் புத்தகத்தைக் கொண்டு வந்தார். ரெஜினாவின் பெயருக்கு எதிரே கிரேன்காரனின் கையெழுத்து இருந்தது. பிள்ளை யாருடையது என்ற பேச்சு அதோடு பாதி அடங்கியது. பிறகு மாஜிஸ்திரேட் கூண்டில் நின்ற பிலோமினாவிடம் கேட்டார்.

"அப்துல் காதர் உனக்கு என்ன உறவு?"

"உறவு ஒண்ணும் இல்ல தொரை. முன் ரூம்ல வாடகைக்கு இருந்தாரு."

"குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று கோர்ட்டுச் சேவகர் எழுதியிருக்கிறாரே? அவருக்கு உன்மேல் விரோதமா?"

"அத்த எயுதும்போது அவருக்கு என் மூஞ்சியே தெரியாது தொரை."

"பிறகு எப்படி எழுதினார்?"

அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். கிடங்கில் பத்துப் பெண்கள் கேட்க நான் ஒப்புக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் சொன்னது இதுதான்: "பாய் தப்பா எதுனா சொல்லியிருப்பார்னு மட்டும் எயுதிடாதீங்க. அவரு சொல்லியிருக்க மாட்டாரு."

தன் பங்கும் பிள்ளையின் பங்கும் தொங்கிக்கொண்டிருக்கும்போது, அங்கே இல்லாத ஒரு வாடகைக்காரரின் பெயரைத்தான் அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். நாசர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். நான் கையை உதறிக்கொண்டு முன்னால் போய்விட்டேன்.

"பொய்யாக எழுதியது நான்தான் ஐயா. அவர் வாடகைக்காரர் என்று சொன்னார். இன்னொரு தடவை நடக்கச் சோம்பல்பட்டு எழுதிவிட்டேன்."

மாஜிஸ்திரேட் சம்மனைத் திருப்பி அந்த வரியைப் படித்தார். பிறகு என்னைச் சத்தியம் செய்யச் சொல்லி, வாக்குமூலமாக எழுதிக்கொண்டார். பிலோமினாவிடம், "வேறு ஆணோடு வாழ்கிறாள் என்று தீர்ந்தால் மனைவியின் பங்கு போகும். அதற்காகக் குழந்தையின் பங்கைத் தொட முடியாது. அங்கே என்ன முடிவு செய்கிறார்கள் என்று பார்ப்போம்" என்றார். அவள் ஈஸ்டர் கணக்கைச் சொன்னாள். அவரே அன்று சாயங்காலம் கட்டுக்குக் கையெழுத்துப் போட்டு, அவசரம் என்று மேலே எழுதினார்.

என்னை மூன்று மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். டிஸ்மிஸ் ஆகாததற்கு நாசர்தான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அந்த மூன்று மாதமும் எண்ணூரில் உப்பு வாரினேன். என்னைத் தெரிந்த இரண்டு கிழவர்கள் இன்னும் அங்கே இருந்தார்கள். "கோர்ட்டு வந்துடுச்சி, ஒயுங்கா வாருங்கடா" என்று கேலி செய்வார்கள். உப்பு வெளுப்பில் கண் கூசும். சாயங்காலம் முகத்துவாரத்தில் இறங்கிக் குளித்தால் உடம்பு காற்றுப் போல ஆகிவிடும். கஷ்டம் என்று சொன்னால் பொய், பழகியதுதான். ஈஸ்டர் வந்தது, போயிற்று. பிலோமினா பிள்ளையை மடத்தில் விட்டாளா என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வேலையில் மறுபடி சேர்ந்து ஆறேழு மாதம் கழித்து சிங்கப்பூர் உத்தரவு வந்தது. அவளிடம் சேர்க்க வேண்டிய நகலை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நாசர் கொடுத்தார்.

வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். அவள் இல்லை. பக்கத்து வீட்டு ஆண் வாங்கிக்கொள்கிறேன் என்றார், கொடுக்கவில்லை. மூன்றாம் தடவை இருந்தாள். உள்ளே ரெஜினா பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"மடத்துக்கு அனுப்பலியா?"

"ஈஸ்டர் போயி, அடுத்த பண்டிகை வரிக்கும்னு சிஸ்டருக்கு வாய்தா வாங்கினேன். உங்க கோர்ட்டுதான் வாய்தா குடுக்குமா? படிய்யா."

படித்தேன். பிள்ளையின் பங்கு உறுதி. கிரேன்காரனின் சம்பளத்திலிருந்தே பிடித்து, மாதாமாதம் நம் கோர்ட்டு வழியாக வரும். மனைவியின் பங்கு இல்லை. சேவகர் முதலில் ஒன்று எழுதினார், பிறகு வேறு சொன்னார், எதை நம்புவது என்று தெரியாததால் தள்ளுபடி.

"எனக்கு இல்ல."

"இல்லம்மா. என்னாலதான்."

"தெரியும்." நகலை வாங்கி மடியில் வைத்தாள். "புள்ள துட்டை இனிமே எதுனா சொல்லி நிறுத்துவானா?"

"முடியாது."

"நான் இப்டி இருக்கேன், அப்டி இருக்கேன்னு சொன்னா?"

"அதைச் சொல்லி உங்க பங்கைத்தான் நிறுத்தலாம். அதுதான் ஏற்கெனவே இல்லையே."

அவள் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ரெஜினா துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"அப்போ என் வூட்ல எவன் குந்தினா அவனுக்கு இன்னா? எந்தக் கோர்ட்டுக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"நீ திருவொத்தியூரு பக்கம் எப்போ போவே?"

"நாளைக்குப் போறேன்."

"பாயாண்ட ஒரு வார்த்தை சொல்லு. முன் ரூமு காலியா கீது, யாருக்கும் வுடலைன்னு சொல்லு."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"யோவ் அமீனா, நீயா ஒண்ணும் சேத்துச் சொல்லாத. சொன்னத மட்டும் சொல்லு."

மறுநாள் படகுக் கொட்டகைக்குப் போனேன். காதர் ஒரு பெரிய படகின் பக்கவாட்டில் சாரம் கட்டி உட்கார்ந்து தார் பூசிக்கொண்டிருந்தார். என் காக்கியைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. நான் கீழே நின்றபடி, அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன்.

"வேற எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"இல்லை. அவ்வளவுதான்."

"வாடகை எவ்ளோன்னு…?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

கையிலிருந்த தாரைத் துணியால் துடைத்தார். பிறகு தார்ச் சட்டியை மூடிவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கத் தொடங்கினார்.